அடோலசன்ஸ் 2-வது எபிசோட்: ஸ்கூலுக்குள்ள போய் போலீஸ் என்னதான் பண்ணுச்சு?

ராத்திரி ரசிகன் (ஈரோடு):

முதல்லயே சொல்லிடறேன். ரெண்டாவது எபிசோட் வரைக்கும் எல்லாத்தையும் உடைச்சுப் பேசப் போறேன், பார்க்காதவங்க இப்பவே ஓடிருங்க. நான் இன்னும் மூணும் நாலும் பார்க்கலை. அதைப் பத்தி யாராச்சும் ஒரு வார்த்தை எழுதினீங்கன்னா சண்டைதான்.

நெட்ஃபிளிக்ஸ்ல 2025 மார்ச்ல வந்த பிரிட்டிஷ் தொடர். ஊரே பார்த்து, அது எட்டு எம்மி விருது வாங்கி, பேச்செல்லாம் அடங்கினதுக்கு அப்புறம் நான் இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கேன். முகூர்த்த சீசன் வந்துட்டா நமக்கு ராத்திரி தூக்கமே கிடையாது, இதுல தொடர் எங்க பாக்கறது. கல்யாண வீடியோ எடுக்கறதுதான் என் தொழில். அதை ஏன் சொல்றேங்கறது கீழ வரும்.

முதல் எபிசோட் என்னைக் கட்டிப் போட்டுருச்சுங்க. விடியக்காலைல போலீஸ் கதவை உடைச்சுட்டு உள்ள போறாங்க, பதிமூணு வயசுப் பையன் ஜேமி பயத்துல படுக்கையிலயே சிறுநீர் போயிடறான், அங்கிருந்து ஸ்டேஷன், வக்கீல், ரத்தப் பரிசோதனை, துணியைக் கழட்டிச் சோதனை, அப்பாவைப் பக்கத்துல உக்கார வச்சு விசாரணை. கடைசில கேட்டிங்கற பொண்ணை ஜேமி குத்தறது பதிவான அந்த சிசிடிவி. அப்பா எடி மில்லரா நடிச்ச ஸ்டீபன் கிரஹாம் மூஞ்சியை அதைப் பார்க்கும்போது பார்த்தீங்களா? நான் எந்திரிச்சுப் போய்த் தண்ணி குடிச்சுட்டு வந்தேன்.

அதே சூட்டோட ரெண்டாவதைப் போட்டேன். கொலை நடந்து மூணாவது நாள். இன்ஸ்பெக்டர் பாஸ்கோமும் சார்ஜென்ட் மிஷா ஃபிராங்கும் ஜேமி படிச்ச ஸ்கூலுக்கு வர்றாங்க. கத்தி கிடைக்கலை, காரணமும் தெரியலை, ரெண்டையும் தேடி வர்றாங்க. சரி, இனிமேதான் விசாரணை சூடு பிடிக்கும்னு உக்காந்தா, ரெண்டு பேரும் வராண்டா வராண்டாவா நடக்கறாங்க. ஒரு கிளாஸ்ல வீடியோ ஓடுது, அடுத்த கிளாஸ்ல வாத்தியார் கத்தறார், அதுக்கடுத்ததுல பசங்க போலீஸையே கலாய்க்கறாங்க. நடுவுல தீ அபாய மணி. எல்லாரும் மைதானத்துக்கு ஓட்டம். அங்க செத்துப்போன கேட்டியோட தோழி ஜேட், ஜேமியோட சிநேகிதன் ரையனைப் போட்டு அடிக்கறா. மறுபடி வராண்டா.

என் கேள்வி இதுதாங்க.

கேஸ்ல உருப்படியா கிடைச்சது ரெண்டே விஷயம். கேட்டி இன்ஸ்டாகிராம்ல போட்ட எமோஜிக்கெல்லாம் என்ன அர்த்தம்னு இன்ஸ்பெக்டரோட சொந்த மகன் ஆடம் கூப்பிட்டு உக்கார வச்சுச் சொல்றான். அது ஒண்ணு. ரையன் ஜன்னல் வழியா குதிச்சு ஓடி, மாட்டி, கத்தி தன்னோடதுன்னு ஒத்துக்கறான். அது ரெண்டு. ரெண்டுலயும் போலீஸ்காரனோட மூளை எங்க? ஒண்ணு தானா வந்து மடியில விழுந்தது, இன்னொண்ணு தானா ஓடிக் காட்டிக் கொடுத்தது. இந்த ஆளு மகன் அதே ஸ்கூல்ல படிக்கலைன்னா கேஸ் என்ன ஆகியிருக்கும்?

அடுத்து அந்த ஜேட். மொத்த எபிசோட்லயும் என்னைப் பிடிச்சு உலுக்கினது அந்தப் பொண்ணுதான். டீச்சர்கிட்ட தனியா உக்காந்து பேசற இடத்துல எனக்குத் தொண்டை அடைச்சுது. ஆனா எழுதினவங்க அவளை அங்கயே விட்டுட்டுப் போயிட்டாங்க. ஏன்?

கடைசியா அந்த ட்ரோன். இப்பத் தொழில் புத்தி. ஸ்கூல் வாசல்ல கையில இருந்த கேமரா, கட் இல்லாம அப்படியே மேல போய், ஊர் மேல பறந்து, கொலை நடந்த இடத்துல இறங்கி, பூ வைக்க வந்த எடி மூஞ்சில போய் நிக்குது. எனக்கு அழுகை வந்திருக்கணும். நான் என்ன பண்ணிட்டிருந்தேன் தெரியுமா? 'ட்ரோன்ல எங்கடா மாட்டினாங்க, காத்து அடிச்சா என்ன பண்ணுவாங்க'ன்னு யோசிச்சிட்டிருந்தேன். மண்டப வாசல்ல மாப்பிள்ளை அழைப்பை ட்ரோன்ல எடுத்தவனுக்குத்தான் காத்தோட அருமை தெரியும். கதையை விட்டு என்னை வெளிய தள்ளுற ஷாட் நல்ல ஷாட்டா?

பத்துக்கு ஆறரை குடுக்கறேன். அடிக்க வர்றவங்க வரிசையா வாங்க.

குட்டித் தூக்கம் (திருச்சி):

ஆறரையே அதிகம். நானும் ரெண்டாவதோட நிறுத்திட்டேன். அவ்வளவு சத்தத்துல எனக்குத் தலைவலிதான் மிச்சம்.

ஃபோகஸ் புல்லர் (சென்னை, வடபழனி):

ட்ரோன் கேள்விக்கு மட்டும் நான் வர்றேன், என் ஏரியா. கேமரா அசிஸ்டன்டா இருக்கேன்.

ஒவ்வொரு எபிசோடும் நிஜமாவே ஒரே டேக். ஒட்டு வேலை கிடையாது. ஒரு எபிசோடுக்கு மூணு வாரம்: நடிகர்களோட ஒத்திகை, அப்புறம் கேமரா குழுவோட ஒத்திகை, கடைசி வாரம் ஷூட்டிங், நாளைக்கு ரெண்டு டேக்னு திட்டம். முதல் எபிசோடுக்கு ரெண்டாவது டேக்கே ஓகே ஆயிடுச்சு. நீங்க ஆறரை குடுத்த இந்த எபிசோடுக்கு நாம பார்க்கறது பதிமூணாவது டேக். திட்டமிட்ட பத்தைத் தாண்டிடுச்சு. காத்தும் ஒரு காரணம், ஈரோட்டு அண்ணன் சந்தேகம் சரிதான்.

கேமரா டிஜேஐ ரோனின் 4டி. ஆடாம பிடிச்சுக்கற கிம்பலும் கேமரா பாடியும் ஒண்ணாவே வர்றது. ஒளிப்பதிவாளர் மேத்யூ லூயிஸும் இன்னொரு ஆபரேட்டரும் மாத்தி மாத்திக் கையில வாங்கிக்கிட்டே போறாங்க. ரையன் ஜன்னல் வழியா குதிக்கறான், பின்னாலயே பாஸ்கோம் குதிக்கறார், கேமராவும் அதே ஜன்னல் வழியா போகுது பாருங்க, அங்க உள்ள இருக்கறவர் நீட்ட வெளியே நிக்கறவர் வாங்கிக்கறார். ஜன்னல்ல கண்ணாடியே கிடையாது, பின்னாடி கிராஃபிக்ஸ்ல வச்சது.

ட்ரோன் முதல்ல மேல போய்ப் பறந்து முடியறதாத்தான் இருந்தது. இறங்கி எடி முகத்துக்கு வரணுங்கறது பின்னாடி வந்த யோசனை. வெறும் வித்தை காட்டறதுதான் நோக்கம்னா மேலயே முடிச்சிருப்பாங்க, அதுதான் சுலபம். இறக்கி, மறுபடி கையில வாங்கி, ஒரு மனுஷன் முகத்தை குளோசப்ல ஃபோகஸ்ல நிறுத்தறது இருக்கே, என் தொழில்ல அதுக்குப் பேரு தற்கொலை. ஐம்பது நிமிஷம் ஓடி வந்து கடைசி நிமிஷத்துல சாஃப்ட் ஆனா, அதாவது ஃபோகஸ் நழுவி மங்கலானா, மொத்தமும் போச்சு.

அப்புறம் எடிட்டிங் விஷயம். இதே காட்சிகளை கட் பண்ணி எடுத்திருந்தா என்ன ஆகும்? எடிட்டர் நேரா ரையன் முகத்துக்குப் போவார், அங்கிருந்து எமோஜி, அங்கிருந்து ஜன்னல். நாம போலீஸை விட ரெண்டு அடி முன்னால இருப்போம். இங்க அது முடியாது. முந்நூறுக்கும் மேல பசங்க துணை நடிகர்களா இருக்காங்க. அத்தனை முகமும் கடந்து போகுது. எது முக்கியம்னு கேமரா சொல்லவே மாட்டேங்குது. பாஸ்கோமுக்கு எப்படித் தெரியலையோ அப்படியே நமக்கும் தெரியலை. நீங்க 'வராண்டா வராண்டாவா'ன்னு சலிச்சுக்கிட்டது இருக்கே, அந்தச் சலிப்பு திட்டம் போட்டு வச்சது.

குட்டித் தூக்கம் (திருச்சி):

திட்டம் போட்டு வச்ச சலிப்பும் சலிப்புதானே பாஸ்.

ஹாரோ அன்ரி (லண்டன்):

தம்பி ரசிகன், நான் இஞ்சை ஒரு செகண்டரி ஸ்கூலிலை ரீச்சிங் அசிஸ்டன்ட். கனகாலம். கொலை நடந்த பள்ளிக்கூடம் இல்லை, கடவுளே எண்டு. ஆனால் அந்த எபிசோட் முழுக்க நான் பார்த்தது என்ரை வேலை இடத்தை, அதாலை கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

முதல் குறையைச் சொல்லிப்போட்டு வாறன். எல்லா வகுப்பிலையும் வீடியோ போட்டு விட்டிருக்கினம், ஒரு ரீச்சரும் ஒழுங்காப் படிப்பிக்கேல்லை எண்டு காட்டினது எனக்கு ஏறேல்லை. ஆள் வராத நாள், பதிலுக்குச் சப்ளை ரீச்சர் வந்து நிக்கிற நாள், அப்பிடி நடக்கும். எல்லா அறையிலையும் ஒரே நேரத்திலை நடக்காது. எங்கட ஸ்டாஃப் ரூமிலை இதைப் பார்த்திட்டுக் கனபேருக்குச் சரியான கோபம். போன் விசயமும் அப்பிடித்தான். எங்கட பள்ளிக்கூடத்திலை வகுப்புக்குள்ளை போன் வெளியிலை தெரிஞ்சாலே பறிமுதல்.

இன்னொண்டு. ஒரு பிள்ளை கொல்லப்பட்டு மூண்டாம் நாள். அப்பிடியான வேளையிலை கவுன்சிலிலை இருந்து எஜுகேஷனல் சைக்காலஜிஸ்ட் ஆக்கள் வந்து பள்ளிக்கூடத்துக்குத் துணையா நிற்பினம். அழுகிற பிள்ளையள் போய் இருக்கிறதுக்கு ஒரு அறை ஒதுக்குவினம். கதையிலை அதை நான் தேடித் தேடிப் பார்த்தன், காணேல்லை. எழுதினவை வேணுமெண்டு விட்டிருக்கினமோ என்னவோ, எனக்கு அது ஓட்டைதான்.

இப்ப நல்லதைச் சொல்லுறன். மிஸிஸ் ஃபெனுமோர் எண்டு போலீசைக் கூட்டிக்கொண்டு திரியிற மனிசியைப் பாருங்கோ. ஜோ ஹார்ட்லி நடிச்சது. சிரிச்ச முகம், வேகமான நடை, வழியிலை ஒருத்தனுக்கு ஷேர்ட்டை உள்ளுக்கு விடு, இன்னொருத்தியை வகுப்புக்குப் போ, அதுக்கிடையிலை போலீசுக்கு மறுமொழி. ஒரு வசனத்தையும் முடிக்க விடாயினம். ஐயோ, அது நாங்கள்தான். ஒரு பிள்ளை வந்து ஏதோ சொல்ல வாயைத் திறக்கும், அதே நிமிசத்திலை பின்னாலை ரெண்டு பெடியள் அடிபடுவாங்கள், நாங்கள் திரும்புவம், மறுபடி இந்தப் பக்கம் பார்க்கேக்கை அந்தப் பிள்ளை போயிருக்கும். என்ன சொல்ல வந்தது எண்டு பேந்து தெரியவே வராது. கட் இல்லாமல் எடுத்ததாலை அந்தத் திரும்புறது அப்பிடியே வந்திருக்கு. எனக்குக் கேமரா வித்தை ஒண்டும் தெரியேல்லை, களைப்புத்தான் தெரிஞ்சது.

தீ மணி அடிச்ச இடம் நூற்றுக்கு நூறு. யாரோ ஒருத்தன் விளையாட்டுக்கு அமத்தியிருப்பான் எண்டு எல்லாருக்கும் தெரியும். எண்டாலும் ஆயிரம் பிள்ளையையும் வெளியிலை கொண்டுபோய், வகுப்பு வகுப்பா வரிசையிலை விட்டு, பெயர் கூப்பிட்டு எண்ணித்தான் ஆகவேணும். வேற நேரத்திலை ஒருத்தரை ஒருத்தர் காணாமல் வேறு வேறு வகுப்பிலை வச்சிருக்கிற பிள்ளையள் அந்தப் பத்து நிமிசம் ஒரே வெளியிலை நிற்குங்கள். ஜேட் ரையனிட்டைப் போய்ச் சேர அவளுக்கு வேற சந்தர்ப்பமே இல்லை. எழுதினவருக்குப் பள்ளிக்கூடம் தெரிஞ்சிருக்கு.

இனி ஜேட். தம்பி, அவளை ஏன் விட்டுட்டுப் போயிட்டாங்கள் எண்டு கேட்டீங்கள். அந்த ரீச்சர் அவளோடை கதைக்கிற இடத்தை இன்னொருக்காப் போட்டுப் பாருங்கோ. அந்த ரீச்சர் ஒரு பிழையும் விடேல்லை. குரலை உயர்த்தேல்லை. அடிச்சதுக்கு ஏசேல்லை. வீட்டிலை எப்பிடி, ஆரும் இருக்கினமோ எண்டு கேக்கிறா. சேஃப்கார்டிங் எண்ட பிள்ளையள் பாதுகாப்புப் பயிற்சியிலை எங்களுக்குச் சொல்லித் தாறது அச்சொட்டா அதுதான். எல்லாம் சரியாச் செய்தும் அந்தப் பிள்ளையிட்டைப் போய்ச் சேர முடியேல்லை. ஏன் எண்டால் ஜேட்டுக்கு இருந்தது ஒரே ஒரு ஆள், கேட்டி. அவள் இனி இல்லை. அதுக்கு ரீச்சரிட்டை என்ன மறுமொழி இருக்கு? ஒண்டும் இல்லை. கதையும் ஒண்டும் குடுக்கேல்லை.

எனக்கு இப்பிடி ஒரு பிள்ளை இருந்தவள். பெயர், ஊர், என்ன நடந்தது எண்டு ஒண்டும் எழுத மாட்டன். நாங்கள் கதைச்சம், படிவம் நிரப்பினம், மேலுக்கு அனுப்பினம், பிறகு அவள் வேற பள்ளிக்கூடம் போட்டாள். அதுக்கு மேலை எனக்கு ஒண்டும் தெரியாது. தெரிஞ்சுகொள்ள எனக்கு உரிமையும் இல்லை. தொடர் ஜேட்டை விட்ட மாதிரித்தான் பள்ளிக்கூடமும் விடும். இதை நான் நியாயப்படுத்தேல்லை, உள்ளதைச் சொல்லுறன்.

எமோஜி பற்றி ஒரு சொல்லு. ஆடம் சொல்லுற அகராதி, சிவப்பு இதயம் காதல், மஞ்சள் எண்டால் எனக்கு விருப்பம் உனக்கோ, ஊதா எண்டால் வேற விசயம், வெடிக்கிற டைனமைட் எண்டால் சிவப்பு மாத்திரை (பெட்டையளைப் பற்றின 'உண்மை' தங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு எண்டு இணையத்திலை சில ஆம்பிளையள் சொல்லுற சொல்லு) வெடிச்சது, நூறு எண்டு போட்டால் எண்பது வீதம் பெட்டையளுக்கு இருபது வீதம் பெடியளைத்தான் பிடிக்கும் எண்ட கணக்கு. எங்கட பிள்ளையளிட்டைக் கேட்டால், "மிஸ், ஒருத்தரும் அப்பிடிப் பாவிக்கிறேல்லை" எண்டு சிரிக்கினம். உண்மையாவும் இருக்கலாம், பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் மாறும், மாசத்துக்கு மாசமும் மாறும். ஆனால் அந்தக் காட்சி அகராதிக்கு இல்லை. தகப்பன் முழுப் பள்ளிக்கூடத்துக்கும் முன்னாலை தடுமாறித் திரியிறதைப் பார்க்க வெட்கப்பட்டுத்தான் மகன் கூப்பிடுறான். முதலாம் எபிசோட் தொடக்கத்திலை, காருக்குள்ளை, வயிற்று வலி, பள்ளிக்கூடம் போகேல்லை எண்டு ஒரு மெசேஜ் வருமே, அது அனுப்பினது இவன்தான். தகப்பன் அதைக் கேட்டுட்டு மிஷாவோடை பகிடி விட்டவர். ஏன் வயிறு வலிக்குது எண்டு இந்த எபிசோடிலைதான் தெரியுது. தன்ரை பிள்ளையை அங்கை அடிக்கிறாங்கள் எண்டு தெரியாத மனிசன் மற்றவையின்ரை பிள்ளை ஏன் கொலை செய்தான் எண்டு கண்டுபிடிக்க வந்திருக்கிறார். நீங்கள் கேட்டீங்களே, போலீஸ்காரனின்ரை மூளை எங்கை எண்டு. அதைத்தான் எபிசோடும் கேக்குது.

நிலா முற்றம் (மதுரை):

அன்ரி எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். நான் கல்லூரியில எம்.ஏ. படிக்கறேன், இதுல ஒரே ஒரு விஷயம் சேர்க்கணும்.

எபிசோட்ல மிஷா பாஸ்கோம்கிட்ட எரிச்சலா சொல்ற ஒரு இடம் இருக்கு. இந்த மாதிரி கேஸ்ல எப்பவும் குத்தம் செஞ்சவன்தான் முன்னால நிப்பான், நாமளும் ஜேமி மண்டைக்குள்ளயே சுத்திட்டிருக்கோம், கேட்டியை யாரும் ஞாபகம் வச்சுக்கப் போறதில்லைன்னு. பாஸ்கோம் அதுக்கு உருப்படியா பதில் சொல்ல மாட்டார். எனக்கு அந்த இடத்துல தொடர் மேலயே கோபம் வந்துச்சு. குறை தெரியும்னு வசனம் வச்சுட்டா அந்தக் குறை போயிடுமா? உயிரோட இருக்கற கேட்டியை நாம ஒரு தடவை கூடப் பார்க்கலை. போட்டோ, சிசிடிவியில தூரத்துல ஒரு உருவம், இன்ஸ்டாகிராம்ல நாலு எமோஜி. அந்த எமோஜியும் அவ ஜேமியைக் கேலி பண்ணினான்னு காட்டறதுக்குத்தான் வருது. அதாவது செத்தவளைப் பத்தி நமக்குக் கிடைக்கற ஒரே தகவல் அவ தப்பு பண்ணினாங்கறது. ரசிகன் அண்ணா, நீங்க ஜேட்டை விட்டுட்டாங்கன்னு சொல்றீங்க. கேட்டியை எடுத்துக்கவே இல்லையே?

ஆனா ஒண்ணு. ட்ரோன் பறக்கும்போது பிள்ளைங்க குரல்ல ஒரு பாட்டு வருதே, ஸ்டிங்கோட 'ஃப்ராஜைல்'. பாடறது எந்தப் பிள்ளைங்க தெரியுமா? படப்பிடிப்பு நடந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களேதான். மேற்கு யார்க்‌ஷயர்ல சவுத் எல்ம்சால்ங்கற ஊர்ல மின்ஸ்தார்ப் கம்யூனிட்டி காலேஜ்னு ஒரு பள்ளி. அந்தக் கோரஸுக்கு மேல தனியா ஒரு பொண்ணு குரல் கேக்குமே, அது எமிலியா ஹாலிடே. கேட்டியா நடிச்ச பொண்ணு.

ராத்திரி ரசிகன் (ஈரோடு):

நிலா, இப்பத்தான் ஹெட்போன் போட்டு அந்தக் கடைசி ரெண்டு நிமிஷத்தை மறுபடி பார்த்தேன். அந்தக் குரல் யாருதுன்னு தெரிஞ்சு கேட்டா வேற மாதிரி இருக்கு. மொத எபிசோட்ல இருந்து முதுகு மட்டும் தெரிஞ்ச பொண்ணு, ஊர் மேல பாடிக்கிட்டே போறா, கீழ அவளைக் கொன்னவனோட அப்பா பூ வைக்கறார். ட்ரோனை நான் இனிமே குறை சொல்லலை. ஆனா இது பார்க்கறவனுக்கு எப்படித் தெரியும்? எழுத்து ஓடும்போது பேரைத் தேடிப் பார்க்கற சாதி நாம. மத்தவங்க 'அடுத்த எபிசோட்' பட்டனை அமுக்கிட்டுப் போயிருப்பாங்க. படத்துக்கு வெளிய இருந்து தெரிஞ்சுக்கிட்டாத்தான் படம் முழுசாகும்னா அதுக்கு நான் பாதி மார்க்தான் குடுப்பேன்.

அன்ரி, ஆடம் வயித்து வலி மெசேஜை நான் சுத்தமா மறந்தே போயிருந்தேன். அது தெரிஞ்சப்புறம் கடைசில பாஸ்கோம் மகன்கிட்ட 'வா, சிப்ஸ் சாப்பிடப் போலாம்'னு கூப்பிடற இடம் கனமாயிருச்சு. பையன் நம்பாம பாக்கறான் பாருங்க, 'எங்கப்பனுக்கு என்ன ஆச்சு'ங்கற மாதிரி. எங்கப்பா ஒரு தடவை திடீர்னு பஸ் ஸ்டாண்டு பேக்கரிக்குக் கூட்டிட்டுப் போய் பப்ஸ் வாங்கிக் குடுத்தப்ப நானும் அப்படித்தான் பாத்திருப்பேன்.

ஆனா ஒண்ணை விட்டுக் குடுக்க மாட்டேன். அந்த ஓட்டம். ரையன் குதிக்கறதும், இன்ஸ்பெக்டர் துரத்தறதும். ஃபோகஸ் புல்லர் சொன்ன மாதிரி 'எங்க பாக்கறதுன்னே தெரியாத' எபிசோட்ல, கடைசில ஒரு சேஸ் வச்சு, பிடிச்சு, விலங்கு மாட்டி, நமக்கு ஒரு முடிவு குடுத்துட்டாங்க. அதுவரைக்கும் அவ்வளவு பிடிவாதமா இருந்தவங்களுக்கு அங்க தைரியம் போயிடுச்சு. ரையன் முன்னாடி பாஸ்கோமைப் பாத்து 'ஸ்கூல்ல நீங்க பாப்புலரா'ன்னு கேப்பானே, அது ஒண்ணு போதும் எனக்கு. அந்த ஒரு கேள்விலயே அவன் எதைக் கண்டு பயப்படறான், ஜேமி எதைக் கண்டு பயந்தான்னு எல்லாம் வந்துருச்சு. அதுக்கப்புறம் ஜன்னல் எதுக்கு?

ஃபோகஸ் புல்லர் (சென்னை, வடபழனி):

ஜன்னல் எதுக்குன்னா, ஐம்பது நிமிஷம் நடந்த கேமரா ஆபரேட்டரை ஓடவும் வச்சுப் பாக்கலாமேங்கற கொழுப்புதான். ஒத்துக்கறேன். இதே இயக்குநர் ஃபிலிப் பாரன்டினி, கிரஹாமை வச்சு 2021ல ஒரு உணவகக் கதையையும் ஒரே டேக்ல எடுத்தவர். அதுல எல்லாம் நாலு சுவத்துக்குள்ள. இங்க இடம் கிடைச்சதும் கால் நிக்கலை. ஆனா கத்தி விஷயம் கேஸுக்கு வேணும், அதை ரையன் நாற்காலியில உக்காந்து சொல்லியிருந்தா நம்ப மாட்டீங்க.

கறுப்பு கவுன் (நாகர்கோவில்):

வக்கீல் வந்திருக்கேன், சுருக்கமா.

இங்கிலாந்திலயும் வேல்ஸிலயும் பத்து வயசுல இருந்தே குற்றப் பொறுப்பு உண்டு. அதனால பதிமூணு வயசு ஜேமி மேல கொலை வழக்கு, அவன் சிநேகிதன் ரையன் மேல கொலைச் சதி வழக்கு, ரெண்டுக்கும் சட்டத்துல தடை இல்லை. நம்ம ஊர்ல இளம் சிறார் நீதிச் சட்டம் வழியா வேற பாதை.

ஆனா ரையன்கிட்ட பாஸ்கோம் பேசற விதம் எனக்கு உறுத்திச்சு. அங்க 1984ஆம் வருஷத்துப் போலீஸ் சாட்சியச் சட்டத்துக்குக் கீழ நடைமுறை விதிகள் இருக்கு. அதுல கோட் சி சொல்றது: பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ளவங்களைப் பள்ளிக்கூடத்துல வச்சு முறையா விசாரிக்கறது அசாதாரணச் சூழ்நிலையில மட்டும், அதுவும் பள்ளித் தலைமை சம்மதிச்சா மட்டும். பெத்தவங்களுக்குத் தகவல் சொல்ல முயற்சி பண்ணணும், பக்கத்துல பொருத்தமான பெரியவர் ஒருத்தர் இருக்கணும். சாட்சிகிட்ட சும்மா பேசறேன்னு ஆரம்பிக்கற பேச்சு எந்த நிமிஷத்துல சந்தேக நபரை விசாரிக்கறதா மாறுதுங்கறதுதான் கோர்ட்ல சண்டை. பாஸ்கோம் அந்தக் கோட்டை மிதிச்சிட்டு நிக்கறார்னு நான் சொல்வேன். முதல் எபிசோட்ல ஒவ்வொரு விதியையும் அவ்வளவு அக்கறையா வாசிச்சுக் காட்டினவங்க, இங்க ஸ்கூலுக்குள்ள வந்ததும் தளர விட்டுட்டாங்க. ரையனோட வக்கீலா நான் இருந்தா முதல் கேள்வி இதுதான்.

ஹாரோ அன்ரி (லண்டன்):

கறுப்பு கவுன், நீங்கள் சொன்னது சரி. எங்கட பள்ளிக்கூடத்துக்குப் போலீஸ் வந்தால் முதல் வேலை, பெயர் பதிஞ்சு கழுத்திலை அட்டை மாட்டுறது. ரெண்டாவது, அந்தப் பிள்ளையின்ரை வீட்டுக்குப் போன். அதுக்குப் பிறகுதான் அறை. மிஸிஸ் ஃபெனுமோர் மாதிரி வகுப்பு வகுப்பாக் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட மாட்டினம்.

நிலா பிள்ளை, கேட்டியைப் பற்றி நீங்கள் எழுதினதுக்கு என்னட்டை மறுமொழி இல்லை. சரியாத்தான் கேட்டிருக்கிறீங்கள். 2025 மார்ச் கடைசியிலை பிரதமர் ஸ்டார்மர் எழுதினவையளையும் கூப்பிட்டு ஒரு கூட்டம் வச்சவர், செகண்டரி பள்ளிக்கூடங்களுக்கு இலவசமாக் காட்டலாம் எண்டு அறிவிச்சவை. எங்கட இடத்திலை காட்டுறதோ இல்லையோ எண்டு பெரிய வாதம் நடந்தது. அப்ப பெடியளுக்கு என்ன சொல்லுறது எண்டுதான் எல்லாரும் கதைச்சம். பெட்டையளுக்கு என்ன சொல்லுறது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை, நானும் கேக்கேல்லை. உங்கட பதிவை வாசிச்சாப் பிறகுதான் அது உறைச்சது. திங்கட்கிழமை எங்கட இயர் ஹெட்டிட்டை, அதாவது வகுப்புப் பொறுப்பாளரிட்டை, இதைக் கதைக்கப் போறன்.

குட்டித் தூக்கம் (திருச்சி):

சரி, நீங்க எல்லாரும் இவ்வளவு பேசறதைப் பார்த்தா மூணாவதையும் போட்டுத்தான் பாக்கணும் போல. அதுலயும் வராண்டா உண்டா?

ஃபோகஸ் புல்லர் (சென்னை, வடபழனி):

பெரும்பாலும் ஒரே அறை. இதுக்கு மேல சொன்னா ஈரோட்டுக்காரர் அடிக்க வருவார்.

ராத்திரி ரசிகன் (ஈரோடு):

இதுவே அதிகம்யா! சனிக்கிழமை ஒரு ரிசப்ஷன் இருக்கு, ஞாயித்துக்கிழமை ராத்திரி பார்த்துட்டு மூணாவதுக்குத் தனித் திரி போடறேன். மார்க்கு ஏழரை ஆக்கிட்டேன், அதுக்கு மேல ஒரு புள்ளி ஏறாது.